மாப்பிள்ளை கொண்டுவந்த துணி

பெலிக்ஸுக்குத் துணியைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. இதை ஊரார் யாரும் சொல்லவில்லை, அவனேதான் சொல்லிக்கொண்டு திரிந்தான். இராஜபாளையத்துக்கு வெளியே, பேண்டேஜ் துணி நெய்து வெளுத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு கம்பெனியில் அவனுக்குத் தரம் பார்க்கிற வேலை. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு துண்டை வெட்டி, கண்ணாடி ஜாடியில் இருக்கிற தண்ணீரின் மேல் போடுவான். பத்து வினாடிக்குள் அது தண்ணீரைக் குடித்து முங்கிவிட வேண்டும். முங்கினால் பாஸ். மிதந்தால் நூலில் எங்கேயோ எண்ணெய்ப் பசை மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்; அந்த லாட் முழுவதும் மறுபடி வெளுப்புக்குப் போகும். பதினோரு வருஷத்தில் மிதந்த துணியை முங்கியது என்று அவன் எழுதியதே கிடையாது. முதலாளி பக்கத்தில் வந்து நின்று இருமினாலும் எழுத மாட்டான். இந்த நேர்மையால் அவனுக்கு வந்த சம்பள உயர்வு கொஞ்சம்தான், கர்வம் மட்டும் கொள்ளை கொள்ளையாக வந்து சேர்ந்திருந்தது.

கல்யாணமாகி நாலாவது வருஷம் மகள் பிறந்தாள். தலைப்பிரசவம் பெண் வீட்டில்தான் என்பதால் மனைவி பியூலா ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் அப்பா வீட்டில் இருந்தாள். அம்மா இறந்து ஆறு வருஷம் ஆகிவிட்டதால் அந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சிக்கு அம்மாவும் அப்பாவும் ஐயாதுரைதான். முப்பத்தொரு வருஷம் வத்திராயிருப்பு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆயுசுக்குப் பேச வேண்டியதை எல்லாம் பஸ்ஸிலேயே கத்தித் தீர்த்துவிட்டாரோ என்னவோ, வீட்டில் அதிகம் பேச மாட்டார். பத்தியச் சோறு வடிப்பதும் வெந்நீர் போடுவதும் பிள்ளைத்துணி அலசுவதும் அவர் வேலையாக இருந்தது.

பிள்ளை பிறந்த நாலாம் நாள் பெலிக்ஸ் இரண்டு கையிலும் பைகளோடு வந்து இறங்கினான். கம்பெனி ஸ்டோரில் விலைக்கு வாங்கி, ஓரம் அடித்துக் கொண்டுவந்த துணிகள். இடுப்பில் கட்ட, உடம்பைச் சுற்ற, கீழே விரிக்க என்று மொத்தம் இருபத்துநாலு.

"மாமா, இது சாதாரண துணி இல்ல. ஜெர்மனில ஆபரேஷன் பண்ணி, அந்தப் புண்ணு மேல வைக்கிற துணி. பச்சைப் புண்ணுக்கே ஆகும்னா பச்சைப் புள்ளைக்கு ஆகாதா? இனிமே பாப்பா மேல இதத் தவிர வேற துணி படப்படாது" என்றான்.

ஐயாதுரை ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "கொஞ்சம் வலை மாதிரி இருக்கே, மாப்பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்குப் பெலிக்ஸ் கால் மணி நேரம் பதில் சொன்னான். நூலின் ரகம், வெளுப்புத் தொட்டியின் சூடு, ஒரு கிராம் துணி எத்தனை கிராம் தண்ணீர் குடிக்கும் என்பது வரை சொன்னான். பிள்ளை அழுதது. பியூலா கொட்டாவி விட்டாள். எல்லாம் முடிந்ததும் ஐயாதுரை, "சரிதான் மாப்பிள்ளை" என்றார். அதன்பிறகு துணியைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை ஆசை ஆசையாகக் கொண்டுவந்ததை மாமனார் குறை சொல்வது அந்தப் பக்கத்து வழக்கத்திலேயே இல்லை. அல்வாவில் கல் கிடந்தாலும் பல்லைத்தான் குறை சொல்லிக்கொள்வார்கள்.

ஒன்றரை மாதத்தில் பிள்ளையின் தோல் காய ஆரம்பித்தது. முகம் மட்டும் பூப்போல இருந்தது. கழுத்துக்குக் கீழே வயிறு, முதுகு, தொடை எல்லாம் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்து, தொட்டால் சொரசொரத்தது. பிறகு மெல்லிய செதிலாக உரிந்தது. முழங்கை மடிப்பில் சிவந்து, பிள்ளை தூக்கத்தில் உடம்பை நெளித்துச் சிணுங்கியது.

துணி மூடிய இடமெல்லாம் காய்ந்திருக்கிறது, மூடாத முகம் நன்றாயிருக்கிறது. இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டிருந்தால் கூடப் பதில் சொல்லியிருக்கும். பெலிக்ஸ் இரண்டாம் வகுப்பைத் தாண்டி ரொம்ப தூரம் படித்துவிட்டவன். அவன் விசாரணையை வெளியே இருந்து தொடங்கினான்.

முதலில் மாட்டியவள், பிள்ளையைக் குளிப்பாட்ட வந்துகொண்டிருந்த பாண்டிசெல்வி. அவள் பயத்தம்மாவு தேய்ப்பதுதான் காரணம் என்று பெலிக்ஸ் தீர்ப்பு எழுதினான். அவள் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "சார், இந்தச் சுத்துவட்டாரத்துல நாப்பது புள்ளைக்கு மேல என் கால்ல போட்டுக் குளிப்பாட்டியிருக்கேன். ஒண்ணுக்கும் இப்படிப் பொரிஞ்சதில்ல. மத்த வீட்டுல இல்லாதது உங்க வீட்டுல என்ன இருக்குன்னு பாருங்க" என்றாள். அதைவிட நல்ல யோசனை இந்தக் கதையில் வேறு யாரும் சொல்லவில்லை. பெலிக்ஸ் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு அவளை நிறுத்திவிட்டான்.

அடுத்தது தண்ணீர். ஸ்ரீவில்லிபுத்தூர் போர் தண்ணீரில் உப்பு என்று சொல்லி, இராஜபாளையத்திலிருந்து இரண்டு கேன் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். தோல் அப்படியேதான் இருந்தது. அதற்கடுத்தது தூசி. கிருஷ்ணன்கோவிலுக்குப் போகிற காலேஜ் பஸ்கள் காலையில் வரிசையாக அந்த ரோட்டு வழியாகப் போகும். அந்தப் புழுதிதான் என்று எல்லா ஜன்னலையும் சாத்தச் சொன்னான். சித்திரை வெயிலில் வீடு அவியல் பானையானது. பிள்ளைக்கு இருந்த வறட்சி போதாதென்று வேர்க்குருவும் சேர்ந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் கூடத்தை இடித்து வேறு பார்த்துவிட்டான்.

கடைசியில் பியூலா யாரையும் கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குழந்தை டாக்டர் மாஜிதாவிடம் கிளம்பினாள். பெலிக்ஸ் லீவு போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினான்.

டாக்டர் மாஜிதா பிள்ளையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். பயப்பட ஒன்றும் இல்லை, வறண்ட தோல்தான், ஆனால் விட்டால் சிரங்காகிவிடும் என்றார். குளியல் ஐந்து நிமிஷத்துக்கு மேல் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர் போதும். சோப்பு, பவுடர், மாவு எதுவும் வேண்டாம். துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள், மூன்று நிமிஷத்துக்குள், வாசனை இல்லாத இந்தக் கிரீமைத் தாராளமாகப் பூச வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை. எழுதிக்கொண்டே, "என்ன துணி போடுறீங்க?" என்று கேட்டார்.

அவர் பியூலாவைத்தான் கேட்டார். பெலிக்ஸ் நாற்காலியின் நுனிக்கு வந்து, "நூறு பர்சன்ட் காட்டன், டாக்டர். மெடிக்கல் கிரேடு" என்றான்.

"காட்டன்தான் நல்லது" என்றார் டாக்டர் தலையை நிமிர்த்தாமல். வெளியே வந்ததும் பெலிக்ஸ் பியூலாவிடம் அதை இரண்டு தடவை சொல்லிக் காட்டினான்.

கிரீமின் ஒரு டியூப் பன்னிரண்டு நாளாவது வரும் என்று மருந்துக்கடை பக்கீர் முகமது சொன்னார். ஐந்து நாளில் தீர்ந்தது. இரண்டாவது டியூபும் ஐந்து நாள். தோல் மட்டும் அப்படியே. போலிச் சரக்கு என்று பெலிக்ஸ் கடைக்குப் போய்ச் சண்டை போட்டான். பக்கீர் முகமது பொறுமையாக ஒரு டியூபைப் பிதுக்கி அவன் புறங்கையில் பூசிவிட்டு, "சாயங்காலம் வரைக்கும் இருந்து பாருங்க தம்பி" என்றார். சாயங்காலம் வரைக்கும் வழுவழுப்பு இருந்தது. கிரீம் நல்ல கிரீம்தான். அப்படியென்றால் டியூபில் இருந்தது எங்கே போகிறது? இந்தக் கேள்வி சரியான கேள்வி. பதிலுக்குத்தான் அவன் போகக் கூடாத இடத்துக்குப் போனான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். ஐயாதுரை சம்மணம் போட்டு உட்கார்ந்தபோது அவருடைய குதிகால் பெலிக்ஸின் கண்ணில் பட்டது. வெடிப்பு வெடிப்பாக இருக்கிற கால், அன்றைக்கு எண்ணெய் தடவிய மாதிரி மினுமினுத்தது.

பெலிக்ஸ் குழம்பை ஊற்றிக்கொண்டே, மிக நாசூக்காகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "மாமா, அந்தக் கிரீம் பச்சப்புள்ளைகளுக்குன்னே செஞ்சது. பெரியவங்க காலு வெடிப்புக்கெல்லாம் கேக்காது. உங்களுக்கு வேணும்னா வேற களிம்பு வாங்கியாரேன்" என்றான்.

ஐயாதுரையின் கை சோற்றில் நின்றது. "அத நான் தொடலியே, மாப்பிள்ளை. இது தேங்காண்ணெய்" என்றார்.

"தொட்டீங்கன்னு சொல்லல மாமா. டியூப்பு அஞ்சே நாள்ல தீருதே, அதச் சொல்லுதேன்."

அவர் பாதிச் சோற்றோடு எழுந்து கையைக் கழுவிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பெலிக்ஸ் தன் இலையை முழுதாக முடித்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இப்போது இந்தக் கதையை அவனே டீக்கடையில் சொல்லிச் சிரிக்கும்போது, இந்த இடத்தில் மட்டும் அவனுக்குச் சிரிப்பு வருவதில்லை.

பியூலா பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்து அவன் எதிரில் நின்றாள். அவள் கத்தியிருந்தால் கூடப் பரவாயில்லை.

"எங்கப்பா விடிய எந்திரிச்சு இருவது துணி அலசுதாரு. கை நனைஞ்சு நனைஞ்சு விரல் இடுக்கெல்லாம் புண்ணு. இந்த மனுஷன் பச்சப்புள்ள மருந்தத் திருடிக் கால்ல தேய்ப்பாரா?"

"திருடிட்டாருன்னு நான்..."

"மூணு மாசம் முடிஞ்சதும் வீட்டுக்கு வாரேன்னு சொல்லியிருந்தேன்லா, இப்ப வரல. புள்ளைக்குச் சரியானாலும் வருவேனான்னு தெரியாது. இவருக்கே இப்படின்னா, நாளைக்கு அங்க தனியா இருக்கும்போது எனக்கு என்ன பட்டம் கட்டுவீங்களோ? இன்னொண்ணு. இனிமே உங்க துணிய அப்பா தொடமாட்டாரு. ஞாயித்துக்கிழமை வந்து நீங்களே தொவச்சுக்கோங்க."

இராஜபாளையத்து வாடகை வீட்டில் பெலிக்ஸ் புதுத் தொட்டில் கம்பு வாங்கி மாட்டியிருந்தான். சுவரில் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் எல்லா ஸ்விட்சையும் மாற்றியிருந்தான். மூன்று மாதமாகத் தனக்குத் தானே பொங்கித் தின்றுகொண்டு, மனைவியும் மகளும் வருகிற நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தான். அந்த வட்டத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அன்றைக்கு ராத்திரி அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் தான் சொன்னது தப்பு என்று தோன்றவில்லை. சொன்ன விதம்தான் கொஞ்சம் தப்பு என்று தோன்றியது.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. மூன்றாவது டியூப் ஐந்து நாளில் தீரவில்லை. பத்து நாள் தாண்டியும் இருந்தது. பெலிக்ஸ் போனை எடுத்து, "பாத்தியா? ஒரு வார்த்தை கேட்டதும் நின்னுபோச்சு பாத்தியா?" என்றான். பியூலா போனை வைத்துவிட்டாள்.

அவன் விசாரணையை விடவில்லை. தினமும் காலை எட்டு மணிக்குப் பிள்ளையின் முதுகைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். அவள் அனுப்பினாள், ஒரு வார்த்தை கூட எழுதாமல் படத்தை மட்டும் அனுப்பினாள். கம்பெனியில் லாட் ரிப்போர்ட் எழுதுகிற மாதிரி அவன் ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதினான். புதன் பரவாயில்லை. வியாழன், வெள்ளி நல்ல முன்னேற்றம். சனி ஏறக்குறைய பாஸ். ஞாயிறு சிவப்பு, திங்கள் செதில். இரண்டு வாரமும் அதே மாதிரி.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவான். திங்கள் காலையில் முதல் பஸ்ஸில் திரும்புவான். நோட்டு கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடக்க, அதை வைத்து அவன் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் அள்ளி அள்ளி முத்தம் கொடுக்கிறார்கள், அதுதான் காரணம். அடுத்த ஞாயிறு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். பாடகர் குழுப் பெண்களைத் திருப்பி அனுப்பினான். ஜெபம் பண்ண வந்த ஐயரம்மாவை, பாதிரியாரின் மனைவியையே, வாசலில் நிறுத்தி, கை கழுவினீர்களா என்று கேட்டான். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. பல்லி துள்ளத் தயாராக இருந்தது.

அன்றைக்குத்தான் விழுந்தது. ஐயரம்மா போனபிறகு பின்கட்டில் அவனுக்காகத் துணிக் குவியல் காத்திருந்தது. முந்தின ஞாயிறுகளில் ஏதாவது சாக்குச் சொல்லித் துவைப்பதைப் பியூலா தலையில் கட்டியிருந்தான்; அன்றைக்கு அவள் விடவில்லை. சனிக்கிழமை இரவிலிருந்து பிள்ளையைச் சுற்றியிருந்த துணிகள். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். இராஜபாளையத்து மாப்பிள்ளை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பிள்ளைத்துணி துவைப்பது தினமும் கிடைக்கிற காட்சி இல்லை. பெலிக்ஸ் சோப்பை எடுத்து வைத்துக்கொண்டு, முதல் துணியை வாளித் தண்ணீரில் போட்டான்.

அது மிதந்தது.

பதினோரு வருஷத்துப் பழக்கம். வாய் தானாக எண்ண ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பத்து. இருபது. துணி முங்கவில்லை. ஓரம் மட்டும் கொஞ்சம் நனைந்து, நடுவில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. 'ரிஜெக்ட்' என்று மனசு தன்னிச்சையாகச் சொன்னது. 'பசை இருக்கு. இந்த லாட்ட மறுபடி வெளுக்கணும்.'

பசை எப்படி வந்தது? அவன் கொண்டுவந்தபோது எட்டு வினாடியில் முங்கிய துணி. அவனே போட்டுப் பார்த்த துணி. இன்னொன்றைப் போட்டான். அதுவும் மிதந்தது. எடுத்து மோந்து பார்த்தான். வாசனை இல்லாத கிரீமுக்கும் ஒரு லேசான மெழுகு வாடை உண்டு. அந்த வாடை அடித்தது. கையில் பிழிந்தால் வழுவழுத்தது.

வாளிக்கு முன்னால் பெலிக்ஸ் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். டியூப் எங்கே போனது என்று இப்போது தெரிந்தது. எந்தப் பசையைக் கண்டாலும் உறிஞ்ச வேண்டும் என்றுதான் அந்தத் துணியைச் செய்கிறார்கள். புண்ணில் சீழைக் குடிக்கிற துணி, பிள்ளையின் தோலில் இருந்த பிசுபிசுப்பைக் குடித்தது. மேலே பூசிய கிரீமையும் குடித்தது. வலைபோன்ற அதன் நெசவு, காய்ந்த தோலை உராய்ந்து உராய்ந்து சிவக்க வைத்தது. போர் தண்ணீரில் குற்றமில்லை. பயத்தம்மாவும் காலேஜ் பஸ்ஸும் ஐயரம்மாவும் நிரபராதிகள். குற்றவாளி இரண்டு பையில் கட்டி, ஜெர்மனியைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு, நாலாம் நாள் வந்து இறங்கியவன்.

அடுத்து அவன் மனசில் ஓடியதை அவன் மறைப்பதில்லை. மறைத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. சோப்பைப் போட்டு நாலு கும்மு கும்மினால் சாட்சி இருக்காது. அடுத்த வாரம் நல்ல மெத்தென்ற துணியாக ஒரு கட்டு வாங்கி வந்து, 'கம்பெனில புது ரகம் வந்திருக்கு' என்று கொடுத்துவிடலாம். தோல் ஆறிவிடும். நோட்டில் கடைசிப் பக்கத்தில் 'விசாரணை வெற்றி' என்று எழுதலாம். பியூலாவும் வந்துவிடுவாள். யோசனை ஓட்டை உடைசல் இல்லாமல் நன்றாகவே இருந்தது. ஐயாதுரை பாதிச் சோற்றோடு எழுந்து போனது மட்டும் அதில் எங்கேயும் அடங்கவில்லை. அதை எந்தச் சோப்புப் போட்டு அலசுவது?

சோப்புக் கட்டியை எடுத்தான். வைத்தான். மறுபடி எடுத்தான். பக்கத்து மாடியிலிருந்து, "என்ன மாப்பிள்ளை, தொவைக்கத் தெரியலியா?" என்று குரல் வந்தது. பெலிக்ஸ் எழுந்து, துணி மிதக்கிற வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனான்.

ஐயாதுரை நடு அறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பியூலா பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவன் வாளியை நடுவில் வைத்தான்.

"மாமா, இதப் பாருங்க. மிதக்குது."

ஐயாதுரை எட்டிப் பார்த்தார். "ஆமா, மிதக்கும்" என்றார்.

"கிரீமு பூரா துணிக்குள்ளதான் போயிருக்கு மாமா. துணிதான் குடிச்சிருக்கு. புள்ள தோலு காஞ்சதும் இதனாலதான். நான் கொண்டாந்த துணி. நீங்க கிரீமத் தொடல. நான் சொன்னது தப்பு. விதம் தப்பு இல்ல, சொன்னதே தப்பு. என்னைய மன்னிச்சிருங்க."

ஐயாதுரை உரித்த வெங்காயத்தைத் தட்டில் வைத்தார். "எனக்குத் தெரியும், மாப்பிள்ளை" என்றார்.

"எப்பத்துல இருந்து?"

"நீங்க அன்னைக்குச் சொன்னீங்கள்ளா, அதுக்கு மறுநாளே. எம்மேல ஒரு பழி வந்திருக்கு, டியூப்பு எங்கதான் போகுதுன்னு நானும் பாக்கணும்லா? கிரீமு போட்டு, துணியச் சுத்தி, ஒரு மணி நேரம் கழிச்சு உருவிப் பாத்தேன். புள்ள மேல ஒண்ணும் இல்ல, பூராம் துணிலதான் இருந்துச்சு."

"அப்ப அந்தத் துணியவா தெனமும்..."

பியூலா எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். அடித்தட்டில், பழைய போர்வைக்குக் கீழே, கிழித்து மடித்த வெள்ளைத் துணிகள் இருந்தன. வருஷக்கணக்கில் துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன வேட்டித் துணிகள். ஐயாதுரை சில ஞாயிறாகக் கோயிலுக்குப் பேண்ட் போட்டு வந்தது அப்போதுதான் பெலிக்ஸுக்கு நினைவு வந்தது. வயசான காலத்தில் மாமனாருக்கு ஸ்டைல் கேட்கிறது என்று அவன் கம்பெனியில் சொல்லிச் சிரித்திருந்தான்.

"திங்கக்கெழம நீங்க பஸ் ஏறுனதும் அப்பா இதத்தான் கட்டுவாரு. சனிக்கிழம நீங்க வாரதுக்கு முந்தி அவுத்து ஒளிச்சு வச்சுட்டு, உங்க துணிய மாட்டுவோம்" என்றாள் பியூலா. "நானும் எம்புட்டோ சொன்னேன். சொல்லப்படாதுன்னுட்டாரு."

நோட்டில் இருந்த கட்டங்கள் பெலிக்ஸின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. புதன் பரவாயில்லை. சனி ஏறக்குறைய பாஸ். ஞாயிறு சிவப்பு. அந்தச் சிவப்பு வந்தவர்கள் முத்தம் கொடுத்ததால் வரவில்லை. அவன் வந்ததால் வந்தது. மகளைப் பார்க்க ஆசையாக ஓடிவந்த ஒவ்வொரு தடவையும் அவன் அவளுடைய தோலை உரித்துவிட்டுப் போயிருக்கிறான்.

"ஏன் மாமா சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பேனே" என்றான். கோபமாகக் கேட்கத்தான் ஆரம்பித்தான், முடியும்போது அழுகையாகிவிட்டது.

ஐயாதுரை அவனை நிமிர்ந்து பார்த்தார். பஸ்ஸில் டிக்கெட் வாங்காதவனைப் பார்க்கிற பார்வை இல்லை. ஸ்டாப் தெரியாமல் தாண்டிப் போய்விட்டவனைப் பார்க்கிற பார்வை.

"சொல்ற மாதிரியா இருந்தீங்க, மாப்பிள்ளை? மொத நாளு ஒரு வார்த்த கேட்டேன். கால் மணி நேரம் பேசுனீங்க. பாண்டிசெல்வி ஒண்ணு சொன்னா, அவளயும் நிறுத்திட்டீங்க. பழி வந்த பொறவு நான் போயி உங்க துணிதான் காரணம்னா, தப்பிக்கதுக்காகச் சொல்லுதேன்னுதான நெனப்பீங்க? புள்ளைக்குக் கொணமாகணும், உங்க மனசும் நோகப்படாது. எனக்குத் தெரிஞ்ச வழி அம்புட்டுதான்."

பெலிக்ஸ் அலமாரியிலிருந்து ஒரு வேட்டித் துணியைக் கையில் எடுத்துப் பார்த்தான். ஒரு கிழவர் தன் வேட்டியைக் கிழித்து, திருட்டுப் பொருளை ஒளிப்பது போல ஒளித்து, அவன் மகளுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார். அவனிடம் சொல்வதைவிட அது சுலபமாக இருந்திருக்கிறது. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"ஒண்ணு கேக்கேன், உண்மையச் சொல்லுங்க" என்றாள் பியூலா. "வாளியத் தூக்கிட்டு வரணும்னு உங்களுக்கா தோணுச்சா?"

"பாதிதான். மிச்சப் பாதி மறைச்சிரச் சொல்லுச்சு. சோப்பக் கூட எடுத்துட்டேன்."

அதற்குள் பிள்ளை சிணுங்கியது. பெலிக்ஸ் இரண்டு கையையும் நீட்டினான்.

"கையக் கழுவிட்டு வாங்க. சோப்ப எடுத்த கையி" என்றாள்.

சோப்பை எடுத்தேன், போடவில்லை. தண்ணீரில்தான் கையே கிடந்தது. இந்த வீட்டிலேயே சுத்தமான கை இப்போது இதுதான் என்று மூன்று பதில் வரிசையாக நாக்கில் வந்து நின்றன. அவன் மூன்றையும் விழுங்கிவிட்டுப் போய் முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு வந்தான்.

"நகத்தப் பாருங்க, எம்புட்டு நீளம். அதோடயா காஞ்ச தோலத் தொடுவீங்க?"

பின்கட்டுப் படியில் உட்கார்ந்து பத்து விரலுக்கும் நகம் வெட்டினான். மாடியிலிருந்தவர்களுக்கு அன்றைக்கு நல்ல பொழுதுபோக்கு. திரும்பி வந்து கையை நீட்டியபோது பியூலா வேட்டித் துணி ஒன்றில் பிள்ளையைச் சுற்றி அவன் கையில் கொடுத்தாள். பிள்ளை அவன் மூக்கைப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டது. அதன் முதுகில் உள்ளங்கையை வைத்தான். துணிக்கு மேலேயே சொரசொரப்பு தெரிந்தது. அவனுக்கு மறுபடி அழுகை வந்தது.

"பத்து நாள்ல ஆறிரும்" என்றார் ஐயாதுரை.

"ஆறுன பொறவு வந்து கூட்டிட்டுப் போங்க" என்றாள் பியூலா. "அப்பாவும் ஒரு மாசம் நம்மகூட இருக்கட்டும். ஆனா அவியளுக்கு இப்ப கட்டிக்க ஒரு நல்ல வேட்டி கெடையாது. வரும்போது ரெண்டு எடுத்துட்டு வாங்க."

பெலிக்ஸின் முகம் மலர்ந்தது. வேட்டி என்றால் எத்தனை நூல், எந்தக் கரை, எந்த ஊர்த் தறி, துவைத்தால் எவ்வளவு சுருங்கும், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. சொல்லுவதற்கு வாயைத் திறந்தான். மாமனார் வெங்காயத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரம் கேட்கத் தயாராக, மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அதைப் பார்த்ததும் பெலிக்ஸ் வாயை மூடிக்கொண்டான். பிறகு மறுபடி திறந்து, "உங்களுக்கு எப்படி வேட்டி பிடிக்கும், மாமா?" என்று கேட்டான்.